91½ அங்குலம்

காலை ஒன்பதரை மணிக்கு எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது பையில் நான்கு சாமான்கள் இருந்தன. பதினாறு அடி இரும்பு டேப், கால் டப்பா சாக்பீஸ், ஒரு பழைய வெர்னியர், செய்தித்தாளில் சுற்றிய தேய்ந்துபோன யூ.ஜே. கிராஸ் ஒன்று. கிராஸ் என்றால் கூட்டல் குறி மாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டு. சுழலும் இரண்டு தண்டுகள் கோணலாகச் சந்திக்கும் இடத்தில் நடுவே உட்காரும். இந்தத் துண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் வலது பின்சக்கரத்திலிருந்து கழற்றியது. குரோம்பேட்டையில் ஒரு பெரியவரின் ஷெட்டில் அந்தக் கார் உடம்பு இறக்கப்பட்டு வெறும் சட்டமாகக் கிடக்கிறது என்று முந்தின வாரம் தகவல் வந்தது. பார்க்க வரலாமா என்று கேட்டேன். "வா தம்பி, வர வழியில புதுப்பேட்டையில ஒரு கிராஸ் வாங்கிட்டு வா" என்று சொல்லி, சாம்பிளை ஒரு பையனிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஒரே அடிச்சட்டத்தின் மேல் பல கார்கள் பிறந்த கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் காருடையது. எஞ்சின் முன்னால், தள்ளுவது பின்சக்கரம், நடுவில் ஒரு இரும்பு முதுகெலும்பு. இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்தில் 1959ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்தது. 1961லிருந்து நம்ம வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். இதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்சக்கரம் மடங்கிவிடும் என்பார்கள், ஆட்டோ மாதிரி திரும்பும் என்பார்கள், இதற்குப் பின்னால் வந்த கெசல் முழுக்க வேறு கார் என்பார்கள். டேப்பும் சாக்பீஸும் அதற்காகத்தான்.

ஸ்டேஷனிலிருந்து ஆதித்தனார் சாலைக்குப் பதினைந்து நிமிட நடை. கடைகள் பாதிதான் திறந்திருந்தன. கூவத்தின் வாடையோடு பழைய கியர் ஆயில் வாடையும் கலந்து, சந்துக்குள் போகப் போக ஆயில் ஜெயித்துவிட்டது. ஒரு கடை வாசல் முழுக்க சைலன்சர்கள் தொங்கின. அடுத்ததில் கதவுகள் மட்டும், நிறவாரியாக, புத்தகம் அடுக்கியதுபோல. முதல் கடைக்காரர் கிராஸைக் கையில் வாங்காமலேயே தலையாட்டிவிட்டார். இரண்டாவது கடைப் பையன் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தான்.

"ஹெரால்டுக்கே உள்ளதுண்ணே. அப்படியே மாட்டலாம். எண்ணூறு ரூபா."

வெர்னியரை வைத்துப் பார்த்தேன். மூடி கண்ணுக்குத் தெரியாத அளவு பெரியது. அப்படியே மாட்டுவதானால் சுத்தியல்தான் வேண்டும். திருப்பிக் கொடுத்தேன். பையன் கோபப்படவில்லை, மூன்று கடை தள்ளிக் கை காட்டினான். அங்கே ஒரு முதியவர் பிஸ்கட் டப்பா நிறையக் கிராஸ்களைக் கொட்டி வைத்திருந்தார். எந்த வண்டிக்கு என்று கேட்கவே இல்லை. சாம்பிளை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு டப்பாவைத் துழாவினார். நான்காவதாக எடுத்தது நான்கு பக்கமும் அளவு ஒத்துப்போனது. எழுநூறு சொல்லி அறுநூற்றைம்பதுக்குக் கொடுத்தார். பக்கத்துக் கடையில் டீ பதினைந்து ரூபாய்.

மறுபடி எழும்பூர். பத்து ரூபாய் டிக்கெட்டில் தாம்பரம் வண்டி. குரோம்பேட்டையில் இறங்கி, தண்டவாளத்தின் கிழக்கே இரண்டு தெரு தாண்டியதும் தகரக் கூரை போட்ட ஷெட். வாசலில் வேப்பமரம். அதன் அடியில் சாம்பல் நிற நாலு கதவு ஹெரால்டு நின்றது. உள்ளே, மூலையில் தார்பாலின் போர்த்திய ஒன்று. நடுவில் நான் தேடி வந்தது.

பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, காதில் பென்சில் செருகியிருந்தார். முதலில் கிராஸை வாங்கி, மூடியைக் கழற்றி, ஊசி பேரிங்குகளை எண்ணினார். எதுவும் சொல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சரியாக இருக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

சட்டம் நான்கு மரக்கட்டைகளின் மேல் இடுப்புயரத்துக்குக் கீழே கிடந்தது. உடம்பு இல்லாத காரை அதுவரை நேரில் பார்த்ததில்லை. பெரிய மீனைச் சாப்பிட்டு முடித்தபின் தட்டில் கிடக்கும் முள் ஞாபகத்துக்கு வந்தது. நடுவில் இரண்டு இரும்புப் பெட்டிக் குழாய்கள் கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் ஓடுகின்றன. முன்னால் எஞ்சினுக்கு இடம் விட விரிகின்றன, பின்னால் டிஃபரன்ஷியலுக்கு இடம் விட மறுபடி விரிகின்றன. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கைகள் நீளுகின்றன. கை நுனிகளை இணைத்து ஓரமாக ஒல்லியான சட்டம். இவ்வளவுதான். சுவரில் சாய்த்து வைத்திருந்த உடம்பு இரண்டு துண்டாக இருந்தது. முன்கண்ணாடி உள்ள பகுதி ஒன்று, பின்சீட்டும் டிக்கியும் உள்ள பகுதி ஒன்று. கூரை தனி. முன்பக்கம் மட்கார்டு, விளக்கு, பானட் எல்லாம் சேர்ந்து ஒரே மூடியாகத் தனியே நிமிர்ந்து நின்றது.

"வெல்டிங் எங்கே ஐயா?"

"எங்கேயும் இல்லே. எல்லாம் போல்ட்டு. ரெண்டு பேரு ஸ்பேனர் எடுத்தா சாயங்காலத்துக்குள்ள பிரிச்சிடலாம்."

1959இல் இது பழைய பாணி. அந்தக் காலத்திலேயே மற்ற கம்பெனிகள் சட்டமும் உடம்பும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே கூட்டுக்கு மாறிவிட்டன. ஸ்டாண்டர்டு கம்பெனியும் 1953லேயே தன் சின்ன கார் ஸ்டாண்டர்டு எய்ட்டை அப்படித்தான் செய்தது. அதற்கு உடம்பு அழுத்திக் கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். அதே 1953இல் அந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு உடம்பு கிடைக்காது என்று ஆனதும் ஸ்டாண்டர்டின் தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பின்னோக்கி யோசிக்க வேண்டியிருந்தது. முழு உடம்பை ஒரே இடத்தில் அழுத்த ஆளில்லை. அப்படியானால் துண்டு துண்டாகச் செய், ஒன்றை பர்மிங்ஹாமில், இன்னொன்றை லிவர்பூலில். அவற்றைத் தாங்க ஒரு சட்டம் போடு. வடிவத்தை இத்தாலியின் டுரின் நகரத்து ஜியோவானி மிகெலோட்டி வரைந்தார். கூர்மையான ஓரங்கள், மெல்லிய தூண்கள், அகலக் கண்ணாடி. சுவரில் சாய்ந்த அந்தத் துண்டுகளில் இன்றும் அந்தக் கோடுகள் தெரிகின்றன, துருவையும் மீறி.

பெரிய அழுத்த இயந்திரம் கைவிட்டுப் போனதால் வந்த வடிவம் இது. ஆனால் இந்தச் சட்டத்தின் மேல் எதையும் உட்கார வைக்கலாம் என்பது அவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. கூரையைக் கழற்றினால் திறந்த கார். பின்துண்டை மாற்றினால் எஸ்டேட், ஜன்னலை அடைத்தால் சரக்கு வேன். முன்பக்கம் ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கினால் 1962இன் விடெஸ். பிரஸ்டன் நகரத்தில் பாண்ட் என்ற சின்னக் கம்பெனி இதே சட்டத்தை வாங்கி, ஃபைபர் கிளாஸ் உடம்பு போட்டு எக்விப் என்று விற்றது. பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றி அனுப்ப இதைவிட வசதியான கார் கிடையாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, மதராஸ் என்று பெரிய அழுத்த இயந்திரம் இல்லாத ஊர்களில் எல்லாம் ஸ்பேனரால் பூட்டினார்கள்.

இடது பின்சக்கரம் மட்டும் மாட்டியிருந்தது. வலதுபக்கம் கிராஸுக்காகக் கழற்றிக் கிடந்தது. டேப்பின் ஒரு நுனியைப் பெரியவரின் பேரன் முன்சக்கர மையத்தில் பிடிக்க, நான் பின்சக்கர மையத்தில் வைத்தேன். 91½ அங்குலம். புத்தகத்தில் போட்டிருப்பதும் அதேதான். அறுபது வருஷம் நம்ம ரோட்டில் ஓடிய சட்டம் ஒரு பக்கமாவது நூல் பிசகாமல் இருந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அலமாரியிலிருந்து ஒரு பட்டறைக் கையேட்டை எடுத்துத் தந்தார். அட்டை இல்லை, ஓரமெல்லாம் கிரீஸ் ரேகை. ஹெரால்டு, விடெஸ், ஸ்பிட்ஃபயர் மூன்றுக்கும் ஒரே புத்தகம். ஸ்பிட்ஃபயர் 1962இல் வந்த இரண்டு சீட்டு விளையாட்டுக் கார், பார்த்தால் ஹெரால்டுக்குச் சொந்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கையேட்டில் அதன் சக்கர இடைவெளி 83 அங்குலம். எட்டரை அங்குலம் குறைச்சல். சாக்பீஸ் எடுத்துச் சட்டத்தின் நடுக்குழாயில் எட்டரை அங்குலத்துக்கு இரண்டு கோடு போட்டேன். அந்தத் துண்டை இல்லையென்று நினைத்துக்கொண்டு கண்ணை இடுக்கிப் பார்த்தேன். ஸ்பிட்ஃபயருக்கு ஓரச் சட்டமும் கிடையாது. கதவுக்குக் கீழே உள்ள உடம்புப் பகுதியே அந்தப் பலத்தைத் தருகிறது. ஆகவே ஓரச் சட்டத்தின் மேலும் இரண்டு பக்கமும் குறுக்குக் கோடு போட்டேன். இப்போது தெரிந்தது. முன்சக்கரக் கைகள் அதே, டிஃபரன்ஷியல் உட்காரும் இடம் அதே, நடு முதுகெலும்பு அதே, குட்டை மட்டும்.

அந்த ஸ்பிட்ஃபயர் பிறக்காமலே போயிருக்க வேண்டியது. கம்பெனியிடம் காசு தீர்ந்து, மாதிரிக் காரை ஒரு மூலையில் துணி போட்டு மூடி வைத்துவிட்டார்கள். 1961இல் லேலண்ட் நிறுவனம் கம்பெனியை வாங்கியது. புதிதாக வந்த ஸ்டான்லி மார்க்லண்டு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கும்போது துணியை விலக்கிப் பார்த்து, இதைச் செய்யலாம் என்றார். அடிச்சட்டம் ஏற்கெனவே கையில் இருந்ததால் அதிகச் செலவில்லை. அது 1980 வரை ஓடியது, மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. தாய்க்காரான ஹெரால்டு 1971லேயே நின்றுவிட்டது.

எஞ்சினும் அப்படித்தான். ஷெட்டின் பெஞ்சில் கவிழ்த்து வைத்திருந்த சிலிண்டர் பிளாக்கைப் பெரியவர் தட்டிக் காட்டினார். துளை 63 மில்லிமீட்டர், ஓட்டம் 76. நாலு சிலிண்டர் சேர்ந்து 948 சி.சி. இதே பிளாக் 1953இன் ஸ்டாண்டர்டு எய்ட்டில் 803 சி.சி.யாக இருந்தது. இங்கிலாந்தில் துளையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி 1147, 1296 என்று போய், கடைசியில் ஓட்டத்தையும் நீட்டி 1493 வரை கொண்டுபோனார்கள். மதராஸில் கடைசிவரை 948தான். "அவங்க மாத்திக்கிட்டே இருந்தாங்க. நாம இருக்கிறதை ரிப்பேர் பண்ணிக்கிட்டே இருந்தோம்" என்றார். அதில் வருத்தம் தெரியவில்லை.

மதியம் ஆகிவிட்டது. வீட்டிலிருந்து தூக்குவாளியில் மோர்சாதமும் நார்த்தங்காயும் வந்தன. சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போனோம். என் நாளின் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது.

மற்ற கார்களில், நம்ம அம்பாசடர் உள்பட, பின்னச்சு ஒரே குழாய். இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை நீட்டாக இருக்கும், நடுவில் டிஃபரன்ஷியல் குண்டாகத் தொங்கும், மொத்தமும் சேர்ந்து ஏறி இறங்கும். ஹெரால்டில் டிஃபரன்ஷியலைச் சட்டத்தோடு போல்ட் போட்டு அசையாமல் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் பாதி அச்சு ஒவ்வொன்று. ஒவ்வொன்றும் உள்நுனியில் மட்டும், நான் வாங்கி வந்த கிராஸ் உட்காரும் இடத்தில், மடங்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்பிரிங் பட்டைக் கட்டு, குறுக்கே, காவடி மாதிரி டிஃபரன்ஷியலின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றொன்றுக்குத் தெரியாது. 1959இல் இந்த விலைக்காரில் இது பெரிய விஷயம்.

"இதோட கோளாறு என்னன்னு பார்க்கணுமா?" என்று கேட்டு வேப்பமரத்தடிக் காரின் பின்னால் ஜாக்கியைச் செருகினார். சட்டத்தைத் தூக்கத் தூக்க, பின்சக்கரங்கள் தரையை விட்டு எழாமல் கீழே தொங்கின. தொங்கும்போதே இரண்டும் அடிப்பக்கம் உள்ளே மடங்கின. பின்னாலிருந்து பார்த்தால் முழங்கால் விரிந்து பாதம் சேர்ந்த மனிதன் மாதிரி. வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று பிரேக் போட்டால் பின்பக்கம் எழும்பும், அப்போது வெளிச்சக்கரம் இப்படி மடங்கி டயரின் ஓரத்தில் நிற்கும், கார் சுழலும். கேள்விப்பட்டிருந்தது உண்மைதான், கண்ணாலேயே பார்த்துவிட்டேன். ஆனால் கூடவே இன்னொன்றும் பார்த்தேன். ஜாக்கியை இறக்கி, பின்சீட்டில் என்னையும் பேரனையும் உதவிப் பையன்கள் இருவரையும் உட்கார வைத்தார். பிறகு இன்னொருவரை என் இடத்தில் உட்காரச் சொல்லி, நான் இறங்கிப் பின்னால் வந்தேன். இப்போது சக்கரங்கள் நேரெதிராக அடியை வெளியே அகட்டி நின்றன.

"நம்மூர்ல யாரும் வளைவுல அம்பது மைல் வேகத்துல போகல தம்பி. ஆனா ஆறு பேரு, ஏழு பேரு ஏறுவாங்க. கல்யாணத்துக்குப் போவாங்க, டிக்கியில அரிசி மூட்டை. எப்பவும் காலை அகட்டிக்கிட்டுதான் ஓடும். டயர் உள்பக்கம் மட்டும் தேயும். கிராஸ் போகும். மறுபடி கிராஸ் போகும்."

ஒரே சட்டம், ஒரே அச்சு. கவன்ட்ரியில் காலியாக வேகமாகப் போகும்போது ஒரு தொல்லை, மதராஸில் பாரம் ஏற்றி மெதுவாகப் போகும்போது இன்னொரு தொல்லை. இதற்கு அவரவர் கண்ட வைத்தியமும் வேறு வேறு. 1968இல் விடெஸுக்கும், ஸ்பிட்ஃபயரின் ஆறு சிலிண்டர் உடன்பிறப்பான ஜி.டி.6க்கும் கீழே தனிக் கை போட்டு, பாதி அச்சில் ரப்பர் இணைப்பு வைத்தார்கள். சக்கரம் மடங்குவது நின்றது, செலவு கூடியது. 1970இல் ஸ்பிட்ஃபயருக்கு மலிவான வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். பட்டைக் கட்டில் ஒரு பட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்து, மற்றவற்றை நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆட விட்டார்கள். எனக்கு அந்த யோசனை மிக அழகானதாகப் படுகிறது. புது உதிரிபாகம் அதிகமில்லை, இருப்பதையே தளர்த்தியதில் வேலை முடிந்தது.

மதராஸ் வைத்தியம் மூலையில் தார்பாலின் அடியில் இருந்தது.

1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல். பெரியவர் தார்பாலினை இழுத்ததும் தூசி எழும்பியது. சதுரமான முகம், நாலு கதவு. இது நம்மூரிலேயே உருவான புதுக் கார், ஹெரால்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பலர் அடித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மல்லாந்து படுத்து டார்ச் அடித்தேன். முன்சக்கரத்தின் மேல்கை கீழ்கை இரண்டையும் காலை முழுக்கத் திறந்த சட்டத்தில் பார்த்திருந்தேன், இங்கேயும் அவைதான். எஞ்சினும் அதே 948 சி.சி. கண்ணை மெல்லப் பின்னால் நகர்த்தினேன். பின்னால் மட்டும் கதை மாறியது. இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரத்துக்கு ஒரே குழாய். பாதி அச்சு இல்லை, அதில் மடங்கும் கிராஸ் இல்லை. மடங்குகிற அச்சை மெக்கானிக்குகளும் சொந்தக்காரர்களும் வெறுத்ததால் கம்பெனி அதைத் தூக்கிவிட்டு, அம்பாசடரில் இருப்பது மாதிரி ஒரே அச்சைப் போட்டுவிட்டது. சக்கர இடைவெளியையும் அளக்கப் பார்த்தேன். ஒரு பக்கம் சுவரை ஒட்டியும் மறுபக்கம் கதவுகள் குவிந்தும் கிடந்ததால் டேப் வைக்க முடியவில்லை.

கவன்ட்ரிக்காரர்கள் பார்த்தால் பின்னோக்கிப் போய்விட்டார்கள் என்பார்கள். நாலு பேரை ஏற்றி அந்தச் சக்கரம் அகன்றதைப் பார்த்தபின் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நாலு கதவும் அப்படி வந்ததுதான். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு எப்போதும் இரண்டு கதவுதான். பாட்டி முன்சீட்டை மடித்துக் குனிந்து பின்னால் ஏற மாட்டாள், டிரைவர் வைத்திருப்பவர் பின்சீட்டில்தான் உட்காருவார். அதனால் 1960களின் கடைசியில் மதராஸ்காரர்களே அதே சட்டத்தின் மேல் நாலு கதவை வைத்தார்கள், கம்பானியன் என்று ஒரு எஸ்டேட்டும் செய்தார்கள்.

வெயில் தாழ்ந்ததும் கடைசிச் சோதனை. ஹெரால்டு 25 அடி வட்டத்தில் திரும்பும் என்று 1959 விளம்பரத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். ஷெட் எதிரே தெருவின் அகலம் அளந்தேன், 27 அடி 4 அங்குலம். பெரியவர் நாலு கதவு வண்டியை எடுத்து ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார். முன்சக்கரங்கள் இவ்வளவு திரும்புமா என்று பயமாக இருந்தது, கிட்டத்தட்ட குறுக்கே நின்றன. முதல் கியரில் மெல்ல நகர்த்தினார். பின்னாலேயே குனிந்து வெளிச் சக்கரத்தின் தடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். தெருவில் சைக்கிளில் வந்த இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இறங்கி நின்று பார்த்தார்கள். பின்னுக்கு எடுக்காமலே ஒரே ஒடிப்பில் சுற்றி வந்துவிட்டது. டேப் இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது. 25 அடி 7 அங்குலம். தேய்ந்த மூட்டுகளோடு, அரை நூற்றாண்டு தாண்டிய வண்டி. விளம்பரம் பொய் சொல்லவில்லை.

கிராஸ் மாட்ட இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். அதற்குள் இந்தக் கார் செய்த இடத்தைப் பார்க்கப் பெருங்களத்தூர் போய் வரலாம், மூன்று ஸ்டேஷன்தான். கிளம்பும் முன் முன்சக்கரத்தின் கீழ் மூட்டைக் காட்டினார். வெண்கலத்தில் ஒரு மரை, அதற்குள் இரும்புத் தண்டு திருகித் திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, உள்ளே தண்ணீர் தங்கித் துரு தின்றுவிடும், ஒரு நாள் சக்கரம் சாய்ந்து படுக்கும். "ஹெரால்டு வாங்கறவன் இதை ஒண்ணை மட்டும் கேட்டுக்கிட்டா போதும்" என்று சொல்லிவிட்டு ஆயில் கன்னைக் கையில் எடுத்தார்.

பெருங்களத்தூரில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தேன். ஸ்டாண்டர்டு மோட்டார் இருந்த இடம் இப்போது மென்பொருள் வளாகம். உயரமான கண்ணாடிக் கட்டடங்கள், வாசலில் அடையாள அட்டை தேய்க்கும் கம்பிக் கதவுகள், கால் மணிக்கொரு தடவை கம்பெனி பஸ். காவலாளியிடம், இங்கே முன்னாடி கார் ஃபேக்டரி இருந்ததே என்றேன். கேள்விப்பட்டிருக்கிறேன் சார் என்றார். உள்ளே விட முடியாது என்றும் சொல்லிவிட்டார். சாலையோரம் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். பழைய செங்கல், பழைய கேட், பெயர்ப்பலகைச் சட்டம் என்று ஏதாவது கண்ணில் படுமா என்று பார்த்தேன். எதுவும் படவில்லை. 1940களின் இறுதியில் தொடங்கிய கம்பெனி. வேன்கார்டு, எய்ட், டென், ஹெரால்டு என்று வரிசையாகச் செய்தது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரையே 1963இல் கைவிட்டுவிட்டார்கள், ஸ்டாண்டர்டு என்றால் சாதாரணமானது என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டது என்று. இங்கே அந்தப் பெயர் இன்னும் கால் நூற்றாண்டு உயிரோடு இருந்தது. கெசல் 1977இல் நின்றது. 1985இல் ரோவர் எஸ்டி1இன் உடம்பில் பழைய எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். 1988இல் அதுவும் முடிந்தது.

வெளியே சோளம் சுட்டு விற்பவரிடம் முப்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கித் தின்றபடி ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.

ஷெட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள். வலது பின்சக்கரம் மாட்டியாகிவிட்டது. கட்டைகளை எடுத்து, நாலு சக்கரத்தில் சட்டம் நின்றது. உடம்பின் பாரம் இல்லாததால் பின்சக்கரங்கள் அடியை உள்ளே சுருக்கிக்கொண்டிருந்தன. நானும் பேரனும் உதவிப் பையனும் சேர்ந்து தள்ளினோம். சிரமமே இல்லை, கட்டில் நகர்த்துவது போல உருண்டது. வலது பாதி அச்சு சுழல்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். காலையில் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்த கிராஸ் சத்தமில்லாமல் திரும்பியது. வேப்பமரத்தடியில் நிறுத்தினோம்.

டேப்பை எடுத்தேன். இடதுபக்கம் காலையில் பார்த்ததே, 91½. வலதுபக்கம் பேரன் முன்னால் பிடிக்க, நான் விளக்கைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி இரண்டு தடவை பார்த்தேன்.

"ஒரு நூல் குறைவா இருக்கு ஐயா."

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவர் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தானும் பார்த்தார். பின்சக்கரத்தை முன்னோக்கிப் பிடித்திருக்கும் கை சட்டத்தில் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அங்கே தகட்டு ஷிம்கள் அடுக்கியிருந்தன.

"உடம்பு ஏத்தினப்புறம் மறுபடி பார்க்கணும். அப்பவும் குறைஞ்சா ஒரு தகடு சேர்க்கணும்" என்று சொல்லி, காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டத்தின் மேலேயே எழுதினார்: வ. 1 நூல்.